ஜெராய் மலையும் அருவியும் ஒரே நாளில் முடியுமா?

நாகைக்காரன்:
அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு பினாங்கு வருகிறோம். அப்பாவுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம், கடாரத்து அரசன் அங்கே கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததையும், அப்புறம் அவன் மகனே 1025இல் கப்பற்படை அனுப்பி அதே கடாரத்தை அடித்ததையும் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்வார். அந்தக் கடாரம்தான் இன்றைய கெடா, அதனால் அங்கே இருக்கிற ஜெராய் மலை ஏறாமல் திரும்ப மாட்டாராம். வயது 68, முழங்கால் வலி வேறு. உச்சிக்கு வண்டி போகுமா? எனக்கு அருவியில் குளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டாணி மோட்டார்:
தம்பி, நான் சுங்கைப்பட்டாணிதான். குருண் பக்கத்திலிருந்து மேலே வரை தார் ரோடு இருக்கிறது, முழங்கால் பற்றிய கவலை வேண்டாம், ஆனால் வளைவு வளைவாக ஏறும், அம்மாவுக்கு வாந்தி வருமென்றால் முன் சீட்டில் உட்கார வையுங்கள். மலை 1,217 மீட்டர். சுற்றிலும் வயல்வெளி என்பதால் இன்னும் பெரிதாகத் தெரியும். மேலே குளிரும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மேகம் மூடினால் கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியாது.

ஒன்று மட்டும் அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவர் தேடுகிற கடாரம் உச்சியில் இல்லை, தெற்கு அடிவாரத்தில் மெர்போக்கில் இருக்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தை ஒட்டியே புக்கிட் பத்து பஹாட் சண்டி, சண்டி என்றால் இங்கே பழங்காலக் கோயில். 1936-37இல் தோண்டியது, 1960இல் கல்லை அடுக்கித் திரும்ப நிறுத்தினார்கள். கோபுரம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், மேற்கூரை மரமாக இருந்து மக்கிப்போயிருக்க வேண்டும், இப்போது நிற்பது கல் அடித்தளமும் தூண் நட்ட கற்களும்தான். ஆனாலும் முன்னால் மண்டபம், பின்னால் கருவறை என்று அந்த அமைப்பைப் பார்த்ததுமே அப்பா கண்டுபிடித்துவிடுவார். பக்கத்திலேயே ஓடை சலசலத்துக்கொண்டிருக்கும். நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த ஓடைச் சத்தத்துக்காகவே பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்துவிடுவேன்.

வயல்காட்டுக்காரி:
அருவி பற்றி யாரும் சொல்லவில்லையே. மெர்போக் பக்கம் துப்பா, யான் என்ற ஊர்ப் பக்கம் தித்தி ஹாயுன், இரண்டும் குளிக்க நல்ல இடம்தான், குற்றாலம் மாதிரி தலையில் கொட்டும் என்று நினைக்காதீர்கள், பாறை பாறையாக இறங்கி வரும் தண்ணீர். ஆனால் கெப்பாலா ஆயர் என்ற சொல்லைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும், கொஞ்ச நேரத்தில் மரமும் கல்லும் சேர்ந்து ஒரே அலையாக வரும். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயில் அப்படித்தான் வந்தது, உயிர்கள் போயின, யான் பக்கமும் மெர்போக் பக்கமும் சேறு. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ துண்டைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். உச்சி மேகத்துக்குள் இருக்கிற நாளில் குளியலே வேண்டாம். இன்னொன்று, கெடாவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும், அந்த நாளில் போனால் கால் வைக்க இடம் இருக்காது.

தெப்பக்கட்டை:
எல்லாரும் ஏறச் சொல்கிறீர்கள், எனக்கென்னவோ இந்த மலையை ஏறுவதைவிடத் தள்ளி நின்று பார்ப்பதுதான் சரி. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரை வந்துவிட்டது என்று காட்டியதே இந்த மலைதானே, அதன் தலையில் ஏறி நின்றால் மலை எங்கே தெரியும்? யான் கடற்கரைப் பக்கம் போய் வயல் வரப்பில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கோரைப்பல் ராஜா கதையையும் அங்கேயே சொல்லலாம். சமையல்காரியின் விரல் வெட்டுப்பட்டுக் கீரைக் குழம்பில் ரத்தம் விழுந்ததாம், அந்த ருசிக்கு அடிமையாகி ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தானாம், கடைசியில் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்கிறார்கள். பாலிங் என்றால் மலாயில் எறிவது.

நாகைக்காரன்:
நன்றி அண்ணே, அக்கா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மலையும் வேண்டும், மெர்போக்கும் வேண்டும், வரப்பும் வேண்டுமாம். அருவியை அடுத்த நாளுக்குத் தள்ளிவிட்டேன், அதுவும் உச்சி தெளிவாகத் தெரிந்தால்தான். கீரைக் குழம்புக் கதையை அம்மா பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்.