மூன்று தளக் கிடங்கு, பிக்கிங் மெதுவாக இருக்கிறது, உதவி தேவை (அவசரம்)

புதுப்பொறுப்பு:
வணக்கம். எங்கள் கிடங்கில் மூன்று தளம், ஆர்டருக்கான பொருளை ரேக்கிலிருந்து எடுக்கும் பிக்கர்கள் 9 பேர். ஆர்டர் பேக்கிங் மேசைக்கு வந்து சேர ரொம்ப நேரமாகிறது. பேக்கிங்கில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மேலிடம் என்னைப் பார்த்து முறைக்கிறது. இன்னும் 3 பிக்கர் கேட்டிருக்கிறேன். அவர்கள் வந்தால் சரியாகிவிடுமா, இல்லை லேஅவுட்டையே மாற்ற வேண்டுமா? நாளை மறுநாள் மீட்டிங். சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

தள்ளுவண்டி:
ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர்? ஆர்டருக்கு எத்தனை லைன், அதாவது எத்தனை வகைப் பொருள்? கிடங்கில் மொத்தம் எத்தனை எஸ்கேயூ (தனித்தனிச் சரக்கு வகை)? மேல் தளத்திலிருந்து சரக்கு எப்படிக் கீழே வருகிறது, லிஃப்டா, கன்வேயரா, ஆள் தலையிலா? வைத்தியரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்ன மாதிரி இருக்கிறது உங்கள் பதிவு.

முதல்_ரேக்:
லேஅவுட்டெல்லாம் அப்புறம். முதலில் ஏபிசி, அதாவது எது அடிக்கடி போகிறது, எது எப்போதாவது போகிறது என்று பிரித்தீர்களா? ஓடும் சரக்கு கீழ்த்தளத்தில், அதுவும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கிற தட்டில். தூங்கும் சரக்கை மேலே ஏற்றிவிடுங்கள். நான் பார்த்த பத்துக் கிடங்கில் எட்டுக்கு இதுதான் மருந்து.

பாம்புநடை:
பிக் லிஸ்ட் எந்த வரிசையில் வருகிறது? பொருள் குறியீட்டு வரிசையில் வந்தால் ஆள் ஒரே சந்துக்கு நாலு தடவை போவார். ரேக் எண் வரிசையில் வரச் செய்து, ஒரு சந்தில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும்படி பாம்பு மாதிரி நடக்க விடுங்கள். பிக்கரின் நேரத்தில் பாதி நடையிலேயே போகிறது என்று பாடப்புத்தகமே சொல்கிறது.

பழையகை:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை இங்கே வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் போய்விட்டது. பாம்பு நடைதான் சிறந்தது என்பதும் தவறு. இரண்டு பக்கமும் குறுக்குப் பாதை உள்ள செவ்வகக் கிடங்குக்கு மிகக் குறைந்த நடையைக் கண்டுபிடிக்கும் முறையை 1983ல் ராட்லிஃப், ரோசென்தால் இருவரும் கொடுத்துவிட்டார்கள். படித்துவிட்டு வந்து பேசலாம். தம்பி முதலில் தளத்தில் நின்று ஒரு மணி நேரம் வேடிக்கை பார்க்கட்டும். எது நிற்கிறது, எது நகர்கிறது என்று எழுதட்டும்.

புதுப்பொறுப்பு:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஒரு நாளைக்கு 880 ஆர்டர், 8 மணி நேர ஷிஃப்ட். ஆர்டருக்குச் சராசரி 4 லைன். எஸ்கேயூ 6,000, மூன்று தளத்திலும் பரவலாக இருக்கிறது, ஏபிசி பார்த்து வைக்கவில்லை. தளத்துக்கு 3 பிக்கர். ஒரு டோட்டில் (எடுத்த பொருளைப் போடும் பெட்டி) ஒரு ஆர்டர், டிராலியில் 6 டோட். டிராலி நிறைந்ததும் கூட்ஸ் லிஃப்டில் இறங்கும். கீழே மூன்று தளத்து டோட்டையும் சேர்த்து பேக்கிங்குக்கு அனுப்புகிறோம். லிஸ்ட் ரேக் எண் வரிசையில்தான் வருகிறது. அப்புறம், தம்பி இல்லை ஐயா. வேண்டுமானால் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுவண்டி:
லிஃப்ட் எத்தனை? ஒரு தடவை போய் வர எவ்வளவு நேரம்?

புதுப்பொறுப்பு:
ஒன்றுதான். நேரம் அளந்ததில்லை.

தள்ளுவண்டி:
ஃபோனில் ஸ்டாப்வாட்ச் இருக்குமே சகோ. கதவு திறப்பது, டிராலியைத் தள்ளி ஏற்றுவது, கீழே இறக்குவது, காலி டிராலியோடு திரும்பி மேலே வருவது, எல்லாம் சேர்த்து இருபது தடவை அளங்கள்.

கிரேன்காரன்:
நான் வேறு மாதிரி சொல்கிறேன். ஆள் மேலும் கீழும் போவதே பழைய கதை. ஏஎஸ்ஆர்எஸ் (சரக்கைத் தானாக வைத்து எடுக்கும் அமைப்பு) போட்டால் கிரேன் கிடையாகவும் செங்குத்தாகவும் ஒரே சமயத்தில் நகரும். இரண்டு நேரத்தையும் கூட்ட வேண்டாம், எது அதிகமோ அதுதான் மொத்த நேரம். உங்கள் மாதிரி மெஸனைன் தளத்தில் ஆள் நடந்து முடித்துத்தான் லிஃப்டுக்குக் காத்திருக்க முடியும், அங்கே இரண்டும் கூடுகிறது. பொஸர், வைட் இருவரும் 1984லேயே இதற்கு நேரக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

தள்ளுவண்டி:
அவர் மூன்று ஆள் கேட்டதற்கே மேலிடம் முறைக்கிறது. நீங்கள் கிரேன் வாங்கச் சொல்கிறீர்கள்.

தமிழ்ச்சொல்:
மெஸனைன் என்பதற்கு "இடைத்தளம்" என்று அழகான சொல் இருக்கிறதே. பிக்கர் என்பதையும் "எடுப்பாளர்" எனலாம்.

பாம்புநடை:
எடுப்பாளர் என்றால் கடன் எடுப்பவர் மாதிரி இருக்கிறது.

தமிழ்ச்சொல்:
பழகினால் சரியாகிவிடும். லிஃப்டை மின்தூக்கி என்று சொன்னபோதும் சிரித்தார்கள்.

பாம்புநடை:
இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புதுப்பொறுப்பு:
பன்னிரண்டு தடவைதான் அளக்க முடிந்தது. முதல் தளத்துக்கு ஏறக்குறைய 2 நிமிடம். இரண்டாம் தளத்துக்கு இரண்டரை.

தாள்_பென்சில்:
சரி, இப்போது கணக்கு போடலாம். இரண்டு தளத்துக்கும் சமமாகப் போகிறது என்று வைத்தால் சராசரி 135 விநாடி. 3,600ஐ அதால் வகுத்தால் மணிக்கு 26.7 நடை, நடைக்கு 6 டோட். ஆக லிஃப்ட் மூச்சு விடாமல் ஓடினால் மணிக்கு 160 டோட் இறக்கும்.

இறக்க வேண்டியது எவ்வளவு? மணிக்கு 110 ஆர்டர். பொருள் மூன்று தளத்திலும் பரவலாக இருப்பதால் ஒரு லைன் குறிப்பிட்ட ஒரு தளத்தில் இல்லாமலிருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. நாலு லைனும் அங்கே இல்லாமலிருக்க வாய்ப்பு 81ல் 16, கிட்டத்தட்ட 20 சதவிகிதம். அதாவது ஒவ்வொரு மேல் தளமும் 80 சதவிகித ஆர்டரில் தலை காட்டும். மேல் தளம் இரண்டு, ஆகவே ஆர்டருக்கு 1.6 டோட். மணிக்கு 176.

160 தருகிற லிஃப்டில் 176 கேட்கிறீர்கள். பிக்கர் 12 பேரானால் லிஃப்ட் வாசலில் வரிசை நீளும், அவ்வளவுதான்.

பழையகை:
சராசரி 4 என்றால் எல்லா ஆர்டரும் 4 லைன் என்று அர்த்தமில்லை, தாள்_பென்சில் அவர்களே. ஒற்றை லைன் ஆர்டர் நிறைய இருந்தால் உங்கள் 1.6 குறையும், அதிகமாகாது. முதல் வகுப்புப் பிழை.

தாள்_பென்சில்:
சரியாகச் சொன்னீர்கள். சொன்ன விதம்தான் கொஞ்சம். புதுப்பொறுப்பு, ஒற்றை லைன் ஆர்டர் எத்தனை பங்கு?

புதுப்பொறுப்பு:
மூன்றில் ஒரு பங்கு இருக்கும்.

தாள்_பென்சில்:
அப்படியானால் மீதி ஆர்டர்களில் சராசரி ஐந்தரை லைன். ஒற்றை லைன் ஆர்டருக்கு மேலிருந்து 0.67 டோட், மற்றவற்றுக்கு 1.79. மொத்தச் சராசரி 1.4, மணிக்கு 155. லிஃப்ட் 160க்கு 155. மயிரிழையில் தப்புகிறது. ஆனால் ஒரு கதவு சரியாக மூடாமல் ஐந்து நிமிடம் போனாலும் அன்றைக்கு அதை ஈடுகட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

முதல்_ரேக்:
நான் சொன்னதையும் அதே கணக்கில் போடுங்களேன். 60 சதவிகித லைன் கீழ்த்தளத்தில், மேலே தளத்துக்கு 20.

தாள்_பென்சில்:
ஒப்பிட வசதியாக எல்லாம் நாலு லைன் என்றே வைக்கிறேன். 0.8ஐ நாலு தடவை பெருக்கினால் 0.41. மேல் தளம் ஒவ்வொன்றும் 59 சதவிகித ஆர்டரில் வரும். ஆர்டருக்கு 1.18, மணிக்கு 130. 176லிருந்து 130. நல்ல இறக்கம்தான்.

முதல்_ரேக்:
அதைத்தான் மூன்றாவது பதிவிலேயே சொன்னேன்.

தள்ளுவண்டி:
ஆனால் மணிக்கு 440 லைனில் 264 கீழே ஒரே தளத்தில். அங்கே இருப்பது 3 பேர். மேலிருந்து இரண்டு பேரை இறக்கினால் ஐந்து டிராலி அதே நாலு சந்தில் முட்டிக்கொள்ளும். நான் பார்த்திருக்கிறேன், ஓடும் சரக்கை எல்லாம் முதல் சந்தில் குவித்துவிட்டு, அந்தச் சந்து வாசலில் மூன்று டிராலி வழி விடச் சொல்லிக் காத்திருந்தது. ஓடும் சரக்கைப் பல சந்துகளின் முன்பகுதியில் பிரித்து வைக்க வேண்டும்.

முதல்_ரேக்:
அது வைக்கத் தெரியாதவர்கள் செய்த வேலை. கொள்கை மேல் தப்பு இல்லை. எடுக்கும் தடவைக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து வைக்கும் முறையை ஹெஸ்கெட் 1963லேயே சொல்லிவிட்டார்.

பழையகை:
அந்த முறை ஒரு நடைக்கு ஒரு பொருள் எடுக்கும் இடத்துக்குத்தான் நன்றாகப் பொருந்தும். இங்கே ஒரு ஆர்டரில் நாலு பொருள். எந்தப் பொருளோடு எது சேர்ந்து போகிறது என்று பார்த்து அவற்றை ஒரே தளத்தில் வைப்பதுதான் இங்கே விஷயம். ஆர்டர் ஒரே தளத்தில் முடிந்தால் கீழே சேர்க்கும் வேலையே இல்லை.

முதல்_ரேக்:
6,000 எஸ்கேயூவுக்கு ஜோடி பார்க்க உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு கோடியே எண்பது லட்சம் ஜோடி வரும். அதைக் கணக்கெடுத்து முடிப்பதற்குள் பாதி பொருள் மாறிவிடும்.

பழையகை:
கணினி என்று ஒரு சாதனம் இருக்கிறது.

சறுக்குமரம்:
எல்லோரும் லிஃப்டையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். மேலே ஏற்றத்தான் சக்தி வேண்டும். இறங்குவதற்குப் புவியீர்ப்பு இலவசம். ஒரு சுழல் சறுக்கு போட்டால் டோட் தானாக வந்து சேரும். லிஃப்ட் காலி டோட் ஏற்ற மட்டும்.

தள்ளுவண்டி:
உடையும் பொருள் இருந்தால்? தளத்தை அறுத்து ஓட்டை போட வேண்டும், தூண் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும். தீ பரவும் வழியும் அந்த ஓட்டைதான், தீயணைப்பு அனுமதி வேறு. வேண்டாம் என்று சொல்லவில்லை, நாளை மறுநாள் மீட்டிங்குக்கு ஆகாது.

பழையகை:
தங்கை, மேலே வரிசையில் எத்தனை டோட் நிற்கிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். நேரத்தையும் குறியுங்கள். வரிசையில் நிற்பதை மணிக்கு இறங்குவதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம். 1961ல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்தது, இன்றுவரை யாரும் பொய்யாக்கவில்லை.

புதுப்பொறுப்பு:
இன்று 11 மணிக்கு எண்ணினேன். முதல் தளத்தில் 71, இரண்டாம் தளத்தில் 62. அதற்குள் ஒரு டிராலி போய்விட்டது, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

தாள்_பென்சில்:
133ஐ 160ஆல் வகுத்தால் 50 நிமிடம். ஆனால் இது இடிக்கிறது. 160 தருகிற லிஃப்டில் 155 வந்தால் வரிசை வரும், ஆனால் 11 மணிக்குள் 133 நிற்காது. லிஃப்ட் வேறு ஏதோ வேலையும் செய்கிறது. எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

புதுப்பொறுப்பு:
ஃபில்லிங்கைச் சொல்கிறீர்களா? 9 முதல் 11 வரை மேல் ரேக்குக்குச் சரக்கு ஏற்றுவார்கள். ஒரு நடை அவர்களுக்கு, ஒரு நடை எங்களுக்கு. அது எப்போதும் நடப்பதுதான், அதனால் எழுதவில்லை. 12 மணிக்கு மேல் காலி டோட்டும் தீர்ந்துவிடும்.

தள்ளுவண்டி:
அடக் கடவுளே.

பாம்புநடை:
நாற்பது பதிவுக்கு அப்புறம்!

தாள்_பென்சில்:
இருக்கட்டும், நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது பாருங்கள். இரண்டு மணி நேரம் லிஃப்டில் பாதிதான் உங்களுக்கு, மணிக்கு 80. வருவது 155. மணிக்கு 75 தேங்குகிறது, 11 மணிக்கு 150. நீங்கள் எண்ணியது 133. கணக்கும் கண்ணும் ஒத்துப்போகிறது. 11க்கு மேல் மணிக்கு 5 டோட்தான் கூடுதலாக இறக்க முடியும், 150ஐக் கரைக்க 30 மணி நேரம். ஷிஃப்டில் அவ்வளவு நேரம் எங்கே? டோட் எல்லாம் மேலே வரிசையில் நிற்பதால்தான் காலி டோட் தீர்கிறது, பிக்கரும் அதனால்தான் நிற்கிறார்.

ஃபில்லிங்கை ஷிஃப்டுக்கு வெளியே தள்ளுங்கள். முடியாவிட்டால் இடைத்தள விளிம்பில் பேலட் கேட் (சரக்குப் பலகையை மேலே வாங்கும் கதவு) இருக்கிறதா பாருங்கள், ஃபோர்க்லிஃப்ட் அங்கேயே வைத்துவிடும்.

தமிழ்ச்சொல்:
இடைத்தளம் என்று எழுதியதற்கு நன்றி.

தள்ளுவண்டி:
கேட் என்றால் ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் தானாக மூடும் வகையாக இருக்கட்டும் சகோ. வெறும் சங்கிலி போட்ட இடத்தில் ஆள் விழுந்த கதை எல்லாக் கிடங்கிலும் ஒன்று உண்டு. இன்னொன்று, உங்கள் டோட் எவ்வளவு நிறைகிறது?

புதுப்பொறுப்பு:
கால்வாசிகூட இருக்காது. இரண்டு மூன்று சின்னப் பெட்டி.

தள்ளுவண்டி:
அப்படியானால் காற்றைத்தான் இறக்குகிறீர்கள். நடுவில் தடுப்பு வைத்து ஒரு டோட்டில் இரண்டு ஆர்டர் போடுங்கள். 155 பாதியாகும். தடுப்பின் இரண்டு பக்கமும் தனித்தனி பார்கோடு ஒட்டி, பிக்கர் போடும்போது ஸ்கேன் செய்யட்டும், இல்லையென்றால் கலந்துவிடும்.

கிரேன்காரன்:
இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. ஆர்டர் இரட்டிப்பானால் திரும்ப இங்கேதான் வருவீர்கள்.

சறுக்குமரம்:
வரும்போது சறுக்கு பற்றிப் பேசலாம்.

முதல்_ரேக்:
ஏபிசி செய்யாமல் எதுவும் நிலைக்காது, அவ்வளவுதான் சொல்வேன்.

புதுப்பொறுப்பு: (மூன்று வாரம் கழித்து)
எல்லோருக்கும் நன்றி, வேலை ஓயவில்லை அதான் தாமதம். ஃபில்லிங்கை மாலை ஷிஃப்டுக்கு மாற்றினோம். முதல் தளத்தில் மட்டும் தடுப்பு வைத்த டோட். 3 ஆள் கேட்டதை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். வரிசை இல்லை. ஆர்டர் இரண்டு தடவை கலந்தது, பார்கோடு ஒட்டியதும் நின்றுவிட்டது.

பழையகை:
"வரிசை இல்லை" என்பது எண் அல்ல. 11 மணிக்கு எத்தனை டோட்?