அம்பருக்குள் இருக்கும் பூச்சியைப் பார்க்க மைக்ரோஸ்கோப் தேவை (மட்டக்களப்பு)

வணக்கம் உறவுகளே. நான் கல்லடியில் இருக்கிறேன். பூச்சி அகப்பட்ட அம்பர் துண்டுகள் சேர்க்கிறேன். அம்பர் என்றால் பழங்கால மரப்பிசின் மண்ணுக்குள் புதைந்து இறுகியது. மியன்மார் அம்பருக்கு ஏறக்குறைய 9.9 கோடி வயது, டைனோசர் காலம்!

போலந்தில் இருந்து சித்தப்பா அனுப்பிய பால்டிக் கடல் பக்கத்து அம்பர் துண்டில் நுளம்பு மாதிரி ஒன்று, ஒரு கால்கூட ஒடியாமல் இருக்கிறது. உண்மையான அம்பர்தானா என்று சோதித்தேன்: உப்பைத் தாராளமாகக் கரைத்த தண்ணீரில் மிதந்தது, ஆகவே கண்ணாடி இல்லை. ஆனால் கோபல் என்ற இளம் பிசினும் மிதக்கும். அசிட்டோன் பட்டால் கோபல் பிசுபிசுக்கும். இது ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தும் ஒட்டவில்லை. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள், அதற்கு மனம் வரவில்லை.

யாரிடமாவது ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப், புற ஊதா டோர்ச் இருக்கிறதா? அந்த வெளிச்சத்தில் அம்பர் பெரும்பாலும் நீலமாக ஒளிரும். நுளம்பு என்றால் இறகு நரம்புகளில் செதில் தெரிய வேண்டும், என் லென்சுக்கு அது பிடிபடவில்லை. கிழக்குப் பல்கலைக்கழக வந்தாறுமூலை வளாகத்தில் விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைமார் யாராவது பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. துண்டை நானே கொண்டு வருகிறேன். ஞாயிறு என்றால் அக்கரைப்பற்று வரைக்கும் வரலாம். உள்பெட்டியில் எழுதுங்கள்.