ஒரே கணக்கில் பல தளங்கள்: ‘சேர்களமா’, ‘ஒண்டுக்களமா’?

பெரம்பூரிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம். சிறு கடைக்காரர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துவருகிறேன். கையேடு சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரு சொல்லுக்காக நிற்கிறது. ஒரு ஹோஸ்டிங் கணக்கு (இணையத்தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) வாங்கி, அதற்குள்ளேயே இரண்டாவது, மூன்றாவது டொமைனையும் (தளத்தின் இணையப் பெயர்) சேர்த்துத் தனித்தனித் தளங்களாக நடத்துகிறோமே, கணக்கை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனலில் ‘ஆட்ஆன் டொமைன்’ என்று இருப்பது, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வகுப்பில் தையல்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, தன் கடைக்கு ஒன்று, தம்பியின் மெஸ்ஸுக்கு ஒன்று, தெருக்கோயில் விழாக் குழுவுக்கு ஒன்று என மூன்றையும் ஒரே கணக்கில் வைக்கப்போகிறார். “ஒரு வீட்டுக்கு மூணு பெயர்ப்பலகையா சார்?” என்று கேட்டார். பலகை மட்டும் மூன்று என்றால் அது ‘பார்க்டு டொமைன்’. இங்கே பெயருக்கொரு கோப்புறை, தனிப் பக்கங்கள். இதை விளக்க அரை மணி நேரம் ஆனது. சொல் சரியாக அமைந்தால் அந்த அரை மணி மிச்சம்.

மயிலாப்பூரிலிருந்து:

தம்பி, முதலில் வேரைப் பிடிப்போம். ஹோஸ்டிங் என்பது ஓம்பல். விருந்தோம்பலுக்குக் குறள் ஓர் அதிகாரமே தந்திருக்கிறது, ஒன்பதாவது. ஆனால் ஓம்புதல் சோறிடுவது மட்டுமில்லை. ‘ஒழுக்கம் உயிரினும் ஓம்பப் படும்’ என்னும் இடத்தில் அது காத்தல். கோப்புகளைக் காத்து, கேட்டவருக்குத் தரும் வழங்கிக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

டொமைன் என்பது ஆள்களம், சுருக்கமாகக் களம். ஆட்ஆன் டொமைனுக்குச் ‘சேர்களம்’ என்பேன். வினைத்தொகை. சேர்ந்த, சேர்கின்ற, சேரும் களம்: நாளை வரப்போகும் நான்காவது தளத்துக்கும் இடம் இருக்கிறது. அன்புகூர்ந்து ‘சேர்க்களம்’ என்று அச்சிட்டுவிட வேண்டாம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

திருவல்லிக்கேணியிலிருந்து:

நம்மிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது ஐயா. ஒண்டுக்குடித்தனம். நான் பிறந்து வளர்ந்தது இங்கே ஒரு ஸ்டோர் வீட்டில். எட்டுக் குடும்பம், ஒரே வாசல், ஒரே கிணறு, ஒரே கதவிலக்கம். தபால்காரர் கதவிலக்கத்தைப் பார்த்து வாசல் வரை வருவார். அதற்குமேல் உறையிலுள்ள பெயர்தான் வழி.

வழங்கியும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. முன்பெல்லாம் தளத்துக்குத் தனியாக ஓர் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் வழங்கியின் கதவிலக்கம், வேண்டியிருந்தது. பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. இப்படிச் செலவழித்தால் எப்படிக் கட்டும்? 1997இல் வந்த எச்டிடிபி 1.1 (உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் விதிகள்), எந்தத் தளம் வேண்டும் என்பதை ‘ஹோஸ்ட்’ வரியில் உலாவி சொல்லியே ஆக வேண்டும் என்றது. உறைமேல் பெயர் வந்துவிட்டது, ஒரே முகவரியில் பலர் குடியிருக்க முடிந்தது. ஆகவே ‘ஒண்டுக்களம்’. சென்னையில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

தரமணியிலிருந்து:

வழங்கி பராமரிப்பதுதான் என் வேலை, அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்ணன் சொன்ன உவமை ஷேர்டு ஹோஸ்டிங்குக்குத்தான் பொருந்தும்: ஒரே இயந்திரம், வெவ்வேறு ஆட்களின் கணக்குகள், குடித்தனத்துக்கு ஒரு பூட்டு. ஆட்ஆன் டொமைனில் எல்லாத் தளமும் ஒரே பயனர் பெயரில் ஓடுவது வழக்கம். உள்ளே பூட்டே கிடையாது. மெஸ் தளத்தில் புதுப்பிக்காமல் விட்ட ஒரு பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) வழியாக எவனாவது நுழைந்தால், தையல்கடைக் கோப்புறையையும் கோயில் கோப்புறையையும் தொட்டுவிடலாம். வட்டு இடமும் பொது. விழாப் படங்களை ஏற்றி நிரப்பினால் மூன்றும் திணறும். ‘ஒண்டுக்களம்’ என்று கற்றவர் உள்ளே சுவர் இருக்கிறது என்று நம்பிவிடுவார். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

மயிலாப்பூரிலிருந்து:

‘ஒண்டு’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது ‘ஒன்று’ என்பதன் திரிபாக இருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். ஒன்றுதல் என்றால் சேர்தல்தானே. ஈழத்தில் கன்று ‘கண்டு’ ஆகிறது. அப்படியானால் ஒண்டுக்களமும் சேர்களமும் உடன்பிறப்புகள்! ஆனால் ஒற்று? வினைத்தொகை என்றால் ‘ஒண்டுகுடி’ என்றுதான் வர வேண்டும். வழக்கில் க் மிகுகிறது. பாம்புத்தோல், குரங்குக்குட்டி போல மென்தொடர்க் குற்றியலுகரப் பெயராக மக்கள் அதைக் கொண்டுவிட்டார்கள் என்று கருதுகிறேன். இதைத் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

வளசரவாக்கத்திலிருந்து:

ஐயா சொன்னது சரி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எங்கள் பேச்சில் ஒண்டு என்றால் ஒன்று. அதனால்தான் ‘ஒண்டுக்களம்’ என்று படித்ததும் எனக்கு ‘ஒரேயொரு களம்’ என்று கேட்டது. பல தளம் வைப்பதற்கான சொல்லே ஒற்றைத் தளத்தைக் குறித்தால், கடல் தாண்டி இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

பெரம்பூரிலிருந்து:

நேற்று வகுப்பில் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதிக் கேட்டேன். ‘சேர்களம்’ என்றதும் இருவர் நெல்லடிக்கும் களத்தை நினைத்தார்கள். ‘ஒண்டுக்களம்’ என்றதும் தையல்கடை அம்மாவின் முகம் மாறிவிட்டது. “ஒண்டிக்கிட்டு இருந்த காலமெல்லாம் போதும் சார், இது நான் காசு கொடுத்து வாங்கின இடம்” என்றார். அதற்குமேல் அந்தச் சொல்லை அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘கூடுதல் ஆள்களம்’ என்றேன், எல்லாரும் தலையாட்டினார்கள். இங்கேயும் ஆறு பேர் அதற்குச் சரி சொல்லிவிட்டதால் அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். தரமணித் தம்பியின் எச்சரிக்கை கட்டம் கட்டி அடுத்த பக்கத்தில் வருகிறது.

திருவல்லிக்கேணியிலிருந்து:

அந்த அம்மா சொன்னதை ஏற்கிறேன், அந்த இடத்தில் என் சொல் தவறுதான். ஆனால் ‘கூடுதல்’ என்பது எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது, எதன்மேல் கூடியது என்று சொல்லவில்லை. ஷேர்டு ஹோஸ்டிங்குக்காவது ‘ஒண்டுக்குடி ஓம்பல்’ என்று போடுங்கள். வெள்ளி இரவு வரை நேரம் இருக்கிறதல்லவா?