உப்புக்காற்றில் மடக்குக் கத்தி: எது தாங்கும், எப்படி வைத்துக்கொள்வது?

கீழக்கரைப் பையன்:
எல்லோருக்கும் சலாம். துபாயிலிருந்து வந்த மாமா ஒரு சுவிஸ் கத்தி கொடுத்தார், விக்டோரினாக்ஸ் ஸ்பார்டன், சிவப்புக் கைப்பிடி. கடையில் சரக்குப் பெட்டி பிரிப்பது, சணல் அறுப்பது, மாங்காய் நறுக்குவது எல்லாம் அதில்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியபட்டினம் பக்கம் தூண்டில் போடப் போவோம், கணவாய்த் துண்டு போட்டு இரை மாட்டுவதும் அதே கத்திதான். இப்போது அலகு மடங்கும் இடத்தில் பழுப்புப் புள்ளி, திறந்தால் கரகரவென்கிறது. இது போலியா? அடுத்து வாங்கினால் எதை வாங்கலாம்? இன்னொன்று, பாக்கெட்டில் கத்தியோடு அலைந்தால் போலீஸ் பிடித்துக்கொள்ளும் என்று வாப்பா தினமும் சத்தம் போடுகிறார். அது உண்மையா?

உச்சிப்புளி கத்திக்காரன்:
துரு வந்ததை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது, தம்பி. பெரிய அலகின் அடியில் கம்பெனிப் பெயர் சுத்தமாகப் பொறித்திருக்கிறதா, மடக்கும்போது 'டக்' என்று இழுத்து உட்காருகிறதா என்று பாருங்கள், போலியில் அந்த இழுப்பு இருக்காது.

நல்ல எஃகும் நம் கரையில் துருப்பிடிக்கும். எஃகில் சேர்த்திருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலம் போடுகிறது, அதுதான் காவல். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். அலகின் வெளிப்பரப்பில் படலம் திரும்ப உண்டாகிவிடும், ஆனால் மடங்கும் இடுக்கில் ஈரமும் உப்பும் தங்கி, ஆக்சிஜன் போக வழியில்லாமல் இருப்பதால் அங்கேதான் முதலில் தின்ன ஆரம்பிக்கும். அதோடு கணவாய்ச் சளி வேறு உள்ளே காய்ந்திருக்கும், கரகரப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் முக்கி எல்லா அலகுகளையும் பலமுறை திறந்து மூடுங்கள், அழுக்கு கரைந்து வெளியே வரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கைத் தேய்த்து, துடைத்து, திறந்தபடியே மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, பிறகு மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். தூண்டில் போட்டுவிட்டு வந்த ராத்திரியே இதைச் செய்யவேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

பாம்பன் வடவாடை:
அலசுவது, காயவைப்பது எல்லாம் சரி, ஆனால் கடலுக்கு மடக்குக் கத்தியே ஆகாது என்பேன். வத்தையில் (சின்னப் படகில்) நிற்கும்போது ஒரு கை கயிற்றில் இருக்கும், இன்னொரு கை ஈரத்தில் வழுக்கும், அதில் நகத்தை விட்டு அலகை எப்படித் திறப்பீர்கள்? வலை படகைத் தள்ளும் காற்றாடியில் சுற்றிக்கொண்டால் அந்த நேரத்தில் கைக்கு வருவது மடக்காத, உறை போட்ட கத்திதான், அதையும் நூலில் கட்டி வைத்திருந்தால்தான், இல்லையென்றால் கை தவறி மன்னார் வளைகுடாவுக்குக் காணிக்கை. நைலான் கயிற்றுக்கு வாள்பல் உள்ள அலகு மேல், மழமழ அலகு கயிற்றின் மேல் சறுக்கும். எங்களில் பலர் வைத்திருப்பது பழைய ரம்பத் தகட்டில் பட்டறையில் அடித்து வாங்கிய கத்தி. துரு பிடிக்கத்தான் செய்யும், கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் மறுபடி வெட்டும், தொலைந்தாலும் மனசு வலிக்காது. விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் கத்தியைப் படகிலேயே போட்டுவிட்டு வராதீர்கள், ஓடுகிற நாளை விடக் கிடக்கிற நாளில்தான் அதிகம் தின்னும்.

உச்சிப்புளி கத்திக்காரன்:
படகுக்கு அண்ணன் சொல்வது சரி. ஆனால் தம்பி கேட்டது கடைக்கும் கரைக்கும் சேர்த்து. எனக்குக் கத்தி சேர்க்கும் பைத்தியம் உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸ் கத்தி 1891-இல் அந்த நாட்டு ராணுவத்துக்குக் கொடுக்க ஆரம்பித்த சரக்கு, ஸ்பார்டனின் மூத்த வடிவமான அதிகாரிகள் கத்திக்குக் காப்புரிமை 1897. பிரெஞ்சு ஓப்பினெல் 1890-இல் வந்தது, மரக் கைப்பிடி, கழுத்தில் சுழற்றிப் பூட்டும் வளையம் (அந்த வளையம் 1955-இல்தான் சேர்ந்தது). இரண்டுமே ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் செய்தது, உப்புக்கடலைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை! ஓப்பினெல் எண் 8, அலகு எட்டரை சென்டிமீட்டர், மாம்பழம் நறுக்க அதைவிட நல்ல ஒரு கத்தியை நான் கையில் பிடித்ததில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் மரம் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும், வாங்கினால் கார்பன் எஃகு வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு போட்ட வகையை வாங்குங்கள். நிஜமாகவே கடலுக்கென்று செய்தது ஸ்பைடர்கோ கம்பெனியின் சால்ட் வரிசை. அதில் சில கத்திகளுக்கு முன்பு போட்டுவந்தது எச்1 என்ற எஃகு, கார்பனை மிகவும் குறைத்து நைட்ரஜன் சேர்த்தது, உப்புத்தண்ணீரில் கிடந்தாலும் கறுக்காது. விலையைப் பார்த்தால்தான் நமக்கு முகம் கறுக்கும்.

ஸ்பார்டனில் அலகுக்குப் பூட்டு கிடையாது, நினைவிருக்கட்டும். குத்தித் துளைக்கிற வேலைக்கு எடுத்தால் அலகு மடங்கி விரலில் உட்காரும். பெட்டி பிரிக்கும்போதும் இழுத்துத்தான் வெட்டவேண்டும்.

ஏர்வாடி குமாஸ்தா:
வாப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, தம்பி. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016-இல் போட்ட விதிகளில் கூர் ஆயுதங்களைச் சொல்லும்போது, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகள் அதில் சேராது. ஸ்பார்டன் அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் அளவு சின்னது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திருவிழாக் கூட்டம், கட்சிக் கூட்டம், கோர்ட்டு வாசல் என்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வழியில் சோதனை போட்டுக் கேட்டால் தூண்டில் பையைக் காட்டி நேராகப் பதில் சொல்லுங்கள், முறைக்காதீர்கள். இடுப்பில் செருகிய கத்திக்கும் தூண்டில் பெட்டிக்குள் கிடக்கும் கத்திக்கும் பார்க்கிறவர் கண்ணில் வித்தியாசம் உண்டு. மதுரையில் விமானம் ஏறும்போது கைப்பையில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பெரிய பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிடுங்கள்.

கீழக்கரைப் பையன்:
ரொம்ப நன்றி காக்கா, அண்ணன்மாரே. நேற்று அலசிப் பார்த்தேன், வந்த அழுக்கைப் பார்த்து உம்மா இனிமேல் அதில் மாங்காய் வெட்டக்கூடாது என்றுவிட்டார். எண்ணெய் எது போடுவது? வீட்டில் நல்லெண்ணெய்தான் இருக்கிறது. சாணை வண்டிக்காரரிடம் கொடுக்கலாமா?

உச்சிப்புளி கத்திக்காரன்:
நல்லெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து இன்னும் இறுகும். பழம் வெட்டுகிற கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போதும். தையல் மிஷின் எண்ணெயும் நல்லதுதான், அலகில் பட்டதைத் துடைத்துவிடவேண்டும்.

சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள், சூடேறி முனையின் பதம் போய்விடும். 1000 எண் தண்ணீர்க் கல் (தண்ணீரில் நனைத்துத் தீட்டுகிற கல்) ஒன்று வாங்குங்கள், அதுவரை பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு ஏறாத சொரசொர வளையத்தில் லேசாகச் சாய்த்து இழுத்தாலே காகிதம் வெட்டும்.

பாம்பன் வடவாடை:
இரைக்குத் தனியாகப் பட்டறைக் கத்தி ஒன்று வைத்துக்கொண்டால் உம்மாவுக்கும் பிரச்சினை இல்லை. பாம்பன் பக்கம் வந்தால் சொல்லுங்கள், நான் வாங்குகிற பட்டறைக்குக் கூட்டிப்போகிறேன்.