மறு: டிசைன் ஃப்ரீஸ் – தமிழில் எப்படி எழுதலாம்?

அன்பர்களுக்கு வணக்கம். டிசைன் ஃப்ரீஸ் என்பது, இனி முறையான ஒப்புதல் இல்லாமல் வடிவமைப்பை மாற்றக்கூடாது என்று தீர்மானிக்கும் கட்டம். அதற்கான தமிழ்ச் சொல்லைப் பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் கீழே.

> வடிவமைப்பு முடக்கம் என்றே எழுதலாமே. கணக்கு முடக்கம் எல்லோருக்கும் பழகியதுதானே?

பழகியதுதான் சிக்கல், ஐயா. ‘புதிய மின்மாற்றியின் வடிவமைப்பு முடக்கப்பட்டது’ என்று அறிக்கையில் போட்டால், திட்டமே நின்றுபோனதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பது நேர்மாறு. உள்ளகத்துக்கான சிலிக்கான் எஃகு, சுருளுக்கான தாமிரப் பட்டை, புஷிங் (மின்கடத்தியைத் தொட்டிச் சுவர் வழியே வெளியே கொண்டுவரும் காப்புக் குழல்) என்று மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கும் சாமான்களுக்குக் கொள்முதல் பிரிவு துணிந்து ஆணை கொடுப்பதே அதற்குப் பிறகுதான்.

உறைவும் சரிப்படாது. குளிர்நாட்டுக் காற்றாலைகளில் இறக்கைமேல் பனி படிவது தனிப் பிரச்சினை. அங்கே ‘இறக்கை உறைவு’ என்றால் வேறு அர்த்தம்.

> பூட்டு? சின்னச் சொல், வினையாகவும் வளையும்.

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் துணைமின் நிலையத்தில் ‘பூட்டியாச்சா?’ என்று கேட்டால், இணைப்பைத் துண்டித்து, யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி பூட்டும் அட்டையும் மாட்டியாயிற்றா என்று பொருள். உள்ளே கைவைக்கப்போகிறவரின் உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது. வரைபட விவகாரத்தை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

என் பரிந்துரை: வடிவ அறுதி. வினையாக அறுதியிடு. அதிகாரம் உள்ளவர் தீர்மானித்து, மற்றவர்களைக் கட்டுப்படுத்தும் செயல் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

> அறுதி என்றால் அப்புறம் மாற்றவே முடியாது என்று ஆகிவிடாதா?

நல்ல கேள்வி, அம்மா. மாற்றலாம், விலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மின்கலச் சேமிப்பில், தீ பரவுவதைச் சோதிக்கும் யுஎல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் 9540ஏ முறை தனிக் கலத்தில் தொடங்கி, கலத்தொகுதி, முழு அலகு, நிறுவல் என்று மேலே போகிறது. ‘அளவு ஒன்றுதானே’ என்று நடுவில் வேறு நிறுவனத்தின் கலத்தைப் போட்டால் அடிப்படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மின்மாற்றியிலும் இதே கதை. குறுக்குச்சுற்றில் சுருளைப் பிய்க்கும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஐஇசி 60076-5 என்ற பன்னாட்டு மின்மாற்றித் தரநிலைப்படி தாங்குதிறனைச் சோதனையிலோ, கணக்கீட்டிலோ காட்டலாம். கணக்கீட்டு வழியில் ஏற்கெனவே சோதித்த ஒத்த மின்மாற்றியோடு ஒப்பிட்டுக் காட்டலாம். அறுதியிட்ட பின் தாமிரப் பட்டையின் தடிமனைத் தொட்டால் அந்த ஒப்புமையே கேள்விக்குள்ளாகும். மேலாளர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவது சும்மா இல்லை.

இன்னொன்று, இந்தச் சொல் ஒருமையில் அடங்காது. மின்மாற்றி நிற்கும் பீடத்தின் அளவு, புஷிங் முனைகள் நிற்கும் இடம், எண்ணெய்க் குழியின் எல்லை எல்லாம் கட்டுமானக்காரருக்கு முதலிலேயே வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு போல்ட்டை நகர்த்த முடியாது. தொட்டிக்குள் இருப்பவை பிறகு முடிவாகலாம். அதனால் இடைமுக அறுதி, விவர அறுதி, உற்பத்தி அறுதி என்று முன்னொட்டு ஏற்கும் சொல்லாக இருக்க வேண்டும். ‘இறுதியாக்கம்’ இங்கேதான் தோற்கிறது. மூன்று இறுதி எப்படி இருக்கும்?

பேஸ்லைனை இதோடு குழப்ப வேண்டாம். அறுதி என்பது செயல். அதனால் கிடைக்கும் ஒப்புதல் பெற்ற ஆவணத் தொகுப்புதான் பேஸ்லைன். அதற்கு ‘அடிவரைவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், தனி இழையில் பேசலாம்.

அறுதியிட்டதை முறைப்படி மீண்டும் திறப்பதற்கு ‘அறுதி தளர்வு’ என்று தற்காலிகமாக எழுதுகிறேன். காதுக்கு ஒட்டவில்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருக்கிறதா?