கன்று வீசியது மாடு, பழி சுமந்தது காளை

(காங்கயம் பக்கம்)

எங்கள் பெரியப்பாவுக்குக் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். மாடுகளைக் காலையில் அவிழ்த்துவிட்டால் பொழுது சாயும்வரை மேயும். எல்லாம் காங்கயம் இன மாடுகள்தான். சினை ஊசி போடும் பழக்கம் அவருக்கு இல்லை, பக்கத்து ஊர் பூச்சிக்காளைக்குத்தான் (சினைப்படுத்த வளர்க்கும் காளை) விடுவார்.

போன வருஷம் ஏழு மாசச் சினையில் ஒரு மாடு கன்று வீசியது, அதாவது கரு கலைந்து விழுந்துவிட்டது. எங்கேயோ வழுக்கி விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் இன்னொன்றும் வீசியது. அதற்கு நஞ்சுக்கொடியும் விழவில்லை. உடனே எல்லோருடைய சந்தேகமும் காளை மேல் போனது. "காளைக்குத்தான் சீக்கு. பழையகோட்டைச் சந்தையில தள்ளிவிடச் சொல்லிட்டு வேற பாக்கோணும்" என்றார் பெரியப்பா.

நான் கால்நடை டாக்டரை வரச் சொன்னேன். காளை உட்பட எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார். சீரம் ஒரு சொட்டு, ரோஸ் நிறத் திரவம் ஒரு சொட்டு, இரண்டையும் கலந்து ஆட்டிப் பார்க்கிறார்கள். திரிந்தால் கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லா. காளையின் சீரம் திரியவே இல்லை. வீசிய இரண்டும் திரிந்தன. கூடவே யாரும் கணக்கில் வைக்காத ஒரு மாடும் திரிந்தது. சினையாக வாங்கிவந்த மாடு அது. வந்த புதிதில் ஒருமுறை வீசியது, அடுத்த ஈத்து நல்லபடி ஈன்றது. அதனால் அதை எல்லோரும் மறந்தே போனார்கள்.

இந்த நோயின் கள்ளத்தனமே இதுதான். பெரும்பாலும் ஒருமுறைதான் வீசும். அப்புறம் மாடு தேறிவிட்டது போலத் தெரியும், ஆனால் ஒவ்வொரு ஈத்திலும் நஞ்சுக்கொடியிலும் நீரிலும் கிருமி வெளியே வரும். அது வீசிய கன்றையும் கொடியையும் வேலியோரம் போட்டிருக்கிறார்கள். நாய்கள் காடெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்திருக்கின்றன. அந்தப் புல்லைத்தானே மற்ற மாடுகள் மேய்ந்தன? நோய் காளை வழியாகப் பரவவே பரவாது என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வாய் வழியைத்தான்.

திரிந்த மாடுகளைப் பெரியப்பா தனியே கட்டிவிட்டார், காளைக்கும் விடுவதில்லை. மாட்டுக்கு இதற்கு நம்பகமான வைத்தியம் இல்லை. சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்கும்தான். வாங்குகிறவன் கட்டுத்தறியில் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு அவருக்கு மனசு வரவில்லை. இப்போது எது ஈன்றாலும் கொடியை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுகிறோம்.

(நாமக்கல் பக்கம்)

அண்ணா, மனுசனுக்கும் வரும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் கொழுந்தனார் நாள்பட்ட காய்ச்சலில் கிடந்தார். பொழுது சாய்ந்தால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற வேர்வை, இடுப்புவலி வேறு. டைபாய்டு என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர்தான் "வீட்ல மாடு இருக்கா?" என்று கேட்டார். கொடி விழாத மாட்டுக்கு இவர்தான் வெறுங்கையால் எடுத்துவிட்டிருந்தார். ஆறு வாரம் இரண்டு வகை மருந்து, நடுவில் நிறுத்தாமல். இப்போது நன்றாக இருக்கிறார். நாங்கள் கையுறை இல்லாமல் கன்று ஈன்ற மாட்டைத் தொடுவதில்லை. கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடித்தால் தெம்பு என்று மாமனார் சொல்வார், அதையும் நிறுத்தியாகிவிட்டது. காய்ச்சிக் குடித்தால் பயமில்லை.

(கால்நடைத் துறையில் இருந்தவன்)

தடுப்பூசி பற்றி யாரும் சொல்லவில்லையே. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு மட்டும், ஆயுளுக்கு ஒரே ஒரு ஊசி. காளைக்கும் சினைமாட்டுக்கும் கூடாது. உயிருள்ள கிருமி என்பதால் தெரிந்தவர்தான் போட வேண்டும். வயது தாண்டிப் போட்டால் பின்னால் ரத்தம் பார்க்கும்போது ஊசியா நோயா என்று குழப்பம் வரும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரியோடு இதற்கும் இலவசமாகப் போடுகிறார்கள். காது வில்லையின் 12 இலக்க எண்ணில் பதிவாகும், மாடு வாங்கும்போது அதைக் கேளுங்கள். சினைமாடு வாங்கினால் ரத்தம் பார்த்து, ஈனும்வரை தனியே கட்டுங்கள்.

காங்கயம் வைத்திருப்பவர்களுக்கு வயது மறந்துபோனால் ஒரு வழி: செவலையாகப் பிறக்கிற கன்று ஆறு மாதவாக்கில் நிறம் மாறும். மாறத் தொடங்கினால் ஊசிக்குக் கூப்பிடுங்கள்.