மகளுக்குக் குதிரை வாங்கப் போகிறேன்: எந்த இனம், ஏன்?

பூச்சோங் குமரன் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 13 வயது. சில ஆண்டுகளாக வார இறுதியில் குதிரையேற்றம் பழகுகிறாள். இப்போது சொந்தக் குதிரை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பயிற்சியாளரும் "தாராளமாக வாங்கலாம்" என்கிறார். என் மனைவியும் சரி என்றுவிட்டார், அதுதான் எனக்கே நம்ப முடியாத விஷயம்.

சிக்கல் என்னவென்றால், யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவரும் ஓர் இனத்தைச் சொல்கிறார்கள். பயிற்சி நடக்கும் இடத்தில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள், அதாவது தாரோபிரெட் இனம்தான். அங்கே ஒருவர், "தாரோபிரெட் பக்கமே போகாதீர்கள், பைத்தியம் பிடித்த சாதி" என்கிறார். அவர் வைத்திருப்பதே தாரோபிரெட். இன்னொருவர் ஐரோப்பிய வார்ம்பிளட் வாங்கச் சொல்கிறார். விலையைக் கேட்டேன், என் காரை விற்றாலும் போதாது. கிளந்தானிலிருந்து குடா பாடி என்ற குட்டைக் குதிரையைக் கொண்டுவந்து தருகிறேன் என்று வேறொருவர் வாட்ஸ்ஆப்பில் துரத்துகிறார்.

குதிரை வைத்திருப்பவர்களிடம் என் கேள்வி இதுதான்: உங்கள் குதிரையின் இனத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்? அழகுக்கா, குணத்துக்கா, விலைக்கா? மகள் சின்னச் சின்னத் தாவல் பழகுகிறாள், பெரிய போட்டிக் கனவெல்லாம் இல்லை. நேரம் கிடைத்தால் நானும் ஏறலாம் என்று ஓர் ஆசை. எடை 92 கிலோ. சிரிக்க வேண்டாம்.

ரவாங் செல்வி:

சிரிக்கவில்லை அண்ணா, ஆனால் அந்த 92-க்குக் கடைசியில் வருகிறேன்.

என்னிடம் இருப்பது அரபுப் பெண்குதிரை. எனக்கு வேகம் பிடிக்காது, தூரம் பிடிக்கும், அதனால் அரபு. எண்டியூரன்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்தில் முதலில் வந்தவர் ஜெயித்தார் என்று முடிந்துவிடாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கால்நடை மருத்துவர் குதிரையின் நாடித்துடிப்பைப் பார்ப்பார். குறிப்பிட்ட நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64-க்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். அரபுக் குதிரை அங்கேதான் தன் சாமர்த்தியத்தைக் காட்டும். உடல் சின்னது, தோல் மெல்லியது, உள்ளே ஏறிய சூடு சீக்கிரம் வெளியேறும். 2008-இல் உலகப் போட்டியே நம் திரங்கானுவில் நடந்தது. 160 கிலோமீட்டர், அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில்.

குறையும் சொல்கிறேன். அது யோசிக்கும், நிறைய யோசிக்கும். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு நெகிழிப்பை பறந்தால் என் குதிரைக்கு அது புலி. நேற்றுப் பார்த்த அதே பை இன்று வேறு புலி. பொறுமை இல்லாத பிள்ளை என்றால் இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள். தாவலுக்கும் அரபு அவ்வளவு ஏற்றது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் எடை. சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. என் குதிரை 410 கிலோ. கணக்கு உங்களுக்கே புரியும். நீங்கள் கீழே நின்று படம் எடுங்கள் அண்ணா.

பத்து காந்தோங் பழசு:

தம்பி குமரன், நான் பினாங்குக்காரன். அப்பாவும் சைஸ், அதாவது குதிரை பராமரிப்பவர், நானும் சைஸ். பத்து காந்தோங் டர்ஃப் கிளப் பக்கம்தான் தலை நரைத்தது. இப்போது பாலிக் பூலாவில் ஒருவருடைய குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எத்தனையோ பேர் குதிரை வாங்கும்போது பக்கத்தில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நம் நாட்டில் இனத்தைத் தேடிப் போய் வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. கைக்கு எட்டியதை வாங்குவார்கள், அப்புறம் உட்கார்ந்து காரணம் சொல்வார்கள். உங்கள் நண்பர் தாரோபிரெட்டைத் திட்டிக்கொண்டே தாரோபிரெட் வைத்திருக்கிறாரே, அவரும் அந்த ரகம்தான்.

கைக்கு எட்டுவது ஏன் தாரோபிரெட்? பந்தயத்தில் ஓட வேறு இனத்துக்கு இடமே கிடையாது. தவுக்கேமார் (முதலாளிகள்) ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் இறக்குவார்கள். நியூசிலாந்தின் காரக்கா குதிரை ஏலப் புத்தகம் வந்த நாளில் லாயத்தில் வைத்த தே தாரிக் அப்படியே ஆறிக்கிடக்கும். தகப்பன் யார், தாய் எங்கே ஜெயித்தாள், அண்ணன் தம்பி என்ன ஓடின, இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். குணத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருக்காது. அந்தக் குதிரை இரண்டு, மூன்று வயதில் ஓடத் தொடங்கும். ஏழு எட்டு வயதில் கால் போயிற்று என்றோ, ஜெயிக்கவில்லை என்றோ வெளியே வந்துவிடும். குதிரைக்கு ஆயுள் 25, 30 வரை போகும். மிச்ச வருடங்களுக்குத் தீனி போட ஆள் தேடும்போதுதான் உங்களைப் போன்ற அப்பாக்கள் கண்ணில் படுகிறார்கள். விலை கிட்டத்தட்ட சும்மா. சும்மா வந்த குதிரைக்கும் லாய வாடகை, லாடம், மருத்துவர் எல்லாம் முழு விலைதான்.

இப்போது இன்னொரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. எங்கள் கிளப் 1864-இல் தொடங்கியது, 2025-இல் அதுவும் நின்றது. தீபகற்ப மலேசியாவில் இனிமேல் சுங்கை பீசியும் ஈப்போவும்தான். "இப்போது விட்டால் இந்த விலைக்குக் கிடைக்காது" என்று உங்களை நெருக்குவார்கள். குதிரை வரத்து குறையும் என்பது உண்மைதான். அதற்காக உங்கள் மகள் ஏன் அவசரப்பட வேண்டும்?

பைத்தியம் என்பது அநியாயம். அதற்குப் பழக்கியது அப்படி. பந்தயக் குதிரைக்குக் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் "ஓடு" என்று அர்த்தம். பயிற்சிப் பள்ளியில் பழகிய பிள்ளைக்கு இறுக்கிப் பிடித்தால் "நில்". இரண்டும் ஒரே முதுகில் சந்தித்தால் என்ன ஆகும்? நாள் முழுக்கப் பெட்டிக்குள் நின்று தானியம் தின்று பழகியதால் வயிற்றில் புண்ணும் சேர்ந்திருக்கும், பந்தய லாயங்களில் அது சர்வ சாதாரணம். சேணத்தைப் போட்டு வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தால் "திமிர்" என்பார்கள். எனக்கென்னவோ முதலில் வயிற்றைத்தான் பார்க்கத் தோன்றும். வெளியே விட்டு, நாளெல்லாம் புல் மேய விட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுமையாகப் பழக்கினால் அதே குதிரை குழந்தை மாதிரி தலையைத் தோளில் சாய்க்கும். அந்த ஒரு வருடத்தை யார் செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

அடுத்தது வியர்வை. நம் ஊரில் இனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது இதுதான், யாரும் பேசுவதில்லை. குளிர்நாட்டிலிருந்து வந்த குதிரை சில இங்கே கொஞ்ச நாளில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். லாயத்தில் நாங்கள் டிரை கோட் என்போம். இங்கேயே பிறந்ததற்கும் வரலாம், எந்த இனத்துக்கும் வரலாம், ஆனால் தாரோபிரெட்டிலும் வார்ம்பிளட்டிலும் அதிகம். குதிரைக்குச் சூடு வெளியேற முக்கிய வழியே வியர்வைதான். அது அடைபட்டால் நாய் மாதிரி மூச்சு வாங்கும், காய்ச்சல் ஏறும், முகத்தில் முடி கொட்டும். நிச்சயமாகத் தீர்க்கும் மருந்து கிடையாது. மின்விசிறி, குளிர்ந்த நீர், உப்பு, விடியற்காலையில் மட்டும் வேலை என்று சமாளிக்க வேண்டியதுதான். குதிரையைக் காலை ஏழு மணிக்குக் குளிப்பாட்டிப் பளபளவென்று காட்டுவார்கள். நீங்கள் நண்பகலில் போங்கள். பத்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். பிடரிக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் மட்டும் ஈரம், மற்ற இடமெல்லாம் காய்ந்து, மூக்கு விரிந்து வாங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வார்ம்பிளட்டைக் குறை சொல்ல மாட்டேன். தாவலுக்கும் டிரசாஜுக்கும் (குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் போட்டி) என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம். 2018 ஆசியப் போட்டியில் நம் கபில் அம்பாக் டிரசாஜில் வெள்ளி வாங்கினார், அந்த மட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அது தேவை. ஆனால் 600 கிலோ உடம்பு. அதைக் குளிர வைக்கவே தனியாக ஒரு மின்சாரக் கட்டணம் வரும். உங்கள் மகள் தாவும் சின்னக் கட்டைக்கு அவ்வளவு வேண்டாம்.

குடா பாடி நல்ல பிராணி. கொஞ்சம் தின்னும், கல் மாதிரி குளம்பு. சின்னப் பிள்ளைக்கு அதைவிட நல்லது கிடையாது. உங்கள் மகளுக்கு 13, இரண்டு வருடத்தில் கால் தரையைத் தொடும். கேரட்டும் தானியமும் கொடுத்துச் செல்லம் கொஞ்சினால் கொழுத்து, குளம்புக்குள் அழற்சி வந்து படுத்துவிடும். இன்னொன்று, அந்த வாட்ஸ்ஆப் ஆளிடம் குதிரை எங்கிருந்து வருகிறது, காகிதம் எங்கே என்று கேளுங்கள். 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் புகுந்து 500-க்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. பரப்பியது கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுப் பூச்சி. கிளந்தானைத் தொட்டிருக்கும் அந்தத் தாய்லாந்து எல்லைப் பக்கமிருந்து காகிதமில்லாமல் வரும் எதையும் நான் லாயத்துக்குள் விட மாட்டேன்.

என்னைக் கேட்டால் காயடித்த தாரோபிரெட், வயது 8 முதல் 12-க்குள், பந்தயத்தை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் வேறு ஒருவர் கையில் பழகியது. அந்த ஒருவர் பட்ட பாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள். உங்களையும் அது சுமக்கும், சேணத்தோடு சேர்த்துக் கொஞ்சம் இழுபறிதான், ஒரு பத்து கிலோ இறக்கிவிட்டு ஏறுங்கள்.

பத்துமலை மணி:

மார்வாரியைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே! ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்கு என் மாமா வீட்டார் கூட்டிப் போனார்கள். மார்வாரியும் கத்தியவாரியும் வரிசையாக நின்றன. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் முட்டிக்கொண்டு நிற்கும் அழகு இருக்கிறதே, அதற்கு முன் உங்கள் வார்ம்பிளட் எல்லாம் நிற்காது. அங்கே வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, சேணத்துக்கு அடியில் வருகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். அப்புறம்தான் நிறம், நடை எல்லாம். பத்து காந்தோங் அண்ணே, நீங்கள் சுழி பார்ப்பதுண்டா? இங்கே ஒன்று இறக்க முடியுமா?

பூச்சோங் குமரன்:

எல்லோருக்கும் நன்றி. எடை குறைக்கிறேன், சத்தியம். ஐயா சொன்ன மாதிரியே ஒன்று காட்டுகிறார்கள். 9 வயது, காயடித்தது, ஒரு பெண் ஒன்றரை வருடம் தாவல் பழக்கியிருக்கிறார். மருத்துவரிடம் எதைப் பார்க்கச் சொல்வது?

பத்து காந்தோங் பழசு:

மணி தம்பிக்கு முதலில். அப்பா சுழி பார்ப்பார். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் அந்தக் குதிரைக்கு அவர் கொள்ளுகூடக் கொடுக்க மாட்டார், என்னைத்தான் அனுப்புவார். நான் கொடுத்து ஒன்றும் ஆகவில்லை. தவுக்கே ஒருவர் சாம்பல் நிறக் குதிரையே வேண்டாம் என்பார், அவருக்கு அது ஒரு சுழி. அழகுக்காக இனம் தேடுவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், தினமும் முகத்தில் முழிக்கப் போகிறவர்கள் நீங்கள்தானே. ஆனால் இந்தியா தன் நாட்டு இனங்களை வெளியே அனுப்புவதில் ரொம்பக் கெடுபிடி. மார்வாரி ஆசைக்கு விமான டிக்கெட் எடுத்து அந்தியூருக்கே போய்விட்டு வருவது மலிவு.

குமரன் தம்பி, குதிரை விற்கிற இடத்தில் நரியைப் பரியாக்கும் வித்தை மதுரையோடு முடிந்துபோகவில்லை. முதலில் வயதைச் சரி பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்ததென்றால் தோளில் சூடு போட்டிருக்கும். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். கீழே இருப்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். 6 என்றால் 2016. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எல்லாத் தாரோபிரெட்டுக்கும் ஆகஸ்டு 1 அன்று ஒரு வயது கூடும், அந்தக் கணக்கில் பாருங்கள். குதிரையின் பாஸ்போர்ட்டில் உள்ள சில்லு எண்ணும், உடம்பில் பதித்த சில்லைக் கருவியால் படித்தால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் முன்னங்கால் இரண்டையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாணை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். பந்தயத்தில் முதலில் போவது அதுதான். பழைய புடைப்பு ஆறிக் கெட்டிப்பட்டிருந்தால் சின்னத் தாவலுக்குப் பெரும்பாலும் பரவாயில்லை, கையை வைத்தால் சூடாக இருந்தால் வேண்டாம். என்ன புல் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். நேப்பியர் மாதிரி வெப்பநாட்டுப் புல்லை மட்டுமே போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், எலும்பு பலவீனமாகி முகம் வீங்கும். லூசர்னும் (குதிரைமசால்) சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துக் கொடுக்கிறார்களா பாருங்கள். மருத்துவரை நீங்களே கூட்டிப் போங்கள், விற்பவரின் மருத்துவர் வேண்டாம். அந்தப் பெண்ணிடம் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேளுங்கள். நல்ல குதிரையாக இருந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்.